கதிரவெளிக் கரவனின் பல்புகள்

வாகன வயரிங் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து பேசச் சொல்லி, பயிற்சி நிலையத்தில் இருந்து கேட்டிருந்தார்கள். போனேன். மேடையில் ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. வணக்கம் சொன்னேன், வேலையைப் பயந்து பயந்து செய்யாதீர்கள் என்றேன், இறங்கிவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து கேட்டாள்:

"அன்ரி, இப்ப வாற வாகனமெல்லாம் கொம்பனியிலயே எல்.ஈ.டி. போட்டுத்தானே வருது. பழைய பல்பக் கழட்டி மாத்துறதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமலே ஏறிவிட்டேன். வழி முழுக்க எனக்குள் ஓடியது, வாகனம் பின்னால் இழுத்துப் போகும் வீடு மாதிரியான ஒரு கரவன் வண்டிக்குப் பல்பு மாற்றிய வேலைதான். என் தொழிலில் அதைவிடச் சின்ன வேலை கிடையாது. அதைவிட நான் கஷ்டப்பட்ட வேலையும் கிடையாது. மேடையில் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

நான் கிரான் ஊர்க்காரி. கணவர் யுத்த காலத்தில் போய்விட்டார். கையில் இரண்டு பிள்ளைகள். ஒரு நிறுவனம் பெண்களுக்கு இலவசமாகத் தொழில் பழக்குகிறது என்று கேள்விப்பட்டுத் தையல் வகுப்பில் சேரப் போனேன். தையலுக்கு இடமில்லை. கேக் ஐசிங்குக்கும் இடமில்லை. மிஞ்சிக் கிடந்தது வாகன வயரிங். அப்போது எனக்குச் சைக்கிள் டைனமோவைத் தவிர ஒன்றும் தெரியாது. படித்து முடித்த பெண்களில் பெரும்பாலானோர் வேறு வேலைக்குப் போனார்கள். என்னை முஸ்லிம்கள் வாழும் ஏறாவூரில் மஜீத் நானாவின் கராஜில் சேர்த்துவிட்டார்கள். தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி தினமும் ஏறாவூருக்கு கராஜ் வேலைக்குப் போகிறாளாம் என்று எங்கள் ஊரிலும் கதைத்தார்கள், அந்த ஊரிலும் கதைத்தார்கள். கதைத்துக் களைத்து நிறுத்தியும் விட்டார்கள். நான் அங்கேதான் வேலைசெய்து, அங்கேதான் ஓய்வு பெற்றேன்.

மஜீத் நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நானா என்றால் அந்த ஊரில் அண்ணன். கராஜ் அவருடையது, போர்மனும் அவர்தான். ஒல்லியான ஆள். கை கழுவாமல் எவருடைய வாகனத்துக்குள்ளும் ஏறமாட்டார். கராஜ்காரர் கழுவுவது வேலை முடிந்த பிறகு. இவர் வேலைக்கு முன்னாலும் கழுவுவார். "அவங்கட சீற்றுல எங்கட கிறீஸ் என்னத்துக்கு?" என்பார். வாகனம் வந்ததும் பொனெற்றைத் திறக்கமாட்டார். ஓட்டி வந்தவரை வாங்குப் பலகையில் இருத்தி, பழுது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று கேட்பார். வருவதில்லை என்பதைத்தான் கூடுதலாகக் கேட்பார். எங்களில் யாராவது பழுது இதுதான் என்று போய்ச் சொன்னால், தாடியைத் தடவிக்கொண்டு, "அப்பிடியா?" என்பார். திட்டமாட்டார், பிழை என்றும் சொல்லமாட்டார். அந்த "அப்பிடியா" வந்துவிட்டால் திரும்பப் போய் முதலில் இருந்து பார்க்கவேண்டும். சரியாக இருந்தால் "ம்" என்பார். அந்த "ம்"முக்காக நாங்கள் எல்லோரும் வேலைசெய்தோம் என்றே சொல்லலாம்.

நான் தனியாகச் செய்த முதல் வேலை, காத்தான்குடித் துணி வியாபாரி ஒருவரின் வான். வெல்லாவெளிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சாறன், சட்டைத்துணி விற்பவர். வானை இடப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடிக்கும். மாடுகள் வெருண்டு ஓடுகின்றன, ஒரு கிழவி தன்னை அடிக்க வந்தா என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்ரியறிங்குக்குக் கீழே ஹோர்ன் வயர் உரசித் தேய்ந்து, திருப்பும்போதெல்லாம் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. புது வயர் போட்டுக் கொடுத்தேன். நானா வந்து திருப்பிப் பார்த்து "ம்" என்றார். கொஞ்ச நாளில் அந்த மனிசன் திரும்பி வந்தார். ஹோர்ன் சத்தம் கேட்டுத்தான் பெண்கள் வளவுக்கு வெளியே வருவார்களாம். இப்போது வான் வந்துபோவதே யாருக்கும் தெரியவில்லையாம். "முந்தின மாதிரி ஆக்கித் தாங்க தங்கச்சி" என்று கேட்டார். நானா வாயைப் பொத்திக்கொண்டு கராஜுக்குப் பின்னால் போய்விட்டார். ஹோர்னை அமத்தி அடிக்கலாம்தானே என்று நான் சொன்னபிறகுதான் அவருக்கு அது நினைவு வந்தது.

இனிக் கரவன் கதை.

யோகராசா அண்ணன் கதிரவெளிக்காரர். கட்டாரில் பல வருடம் சாரதியாக இருந்தவர். அங்கே பாலைவனத்தில் போய்த் தங்குகிறவர்களுடைய கரவன் வண்டிகளை இழுத்துத் திரிந்திருக்கிறார். ஊருக்கு வந்தவுடன் கொழும்பில் பழைய கரவன் ஒன்றை வாங்கி, ஜீப்பின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, கூரையில் வரிசையாக ஆறு லைட். கடற்கரையில் தென்னைகளுக்கு நடுவே நிறுத்திச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஆட்கள் விரும்பி வந்தார்கள். ஆனால் கரவனின் பற்றரியில் சார்ஜ் நிற்கவில்லை.

"சமைச்சுச் சாப்பிட்டு முடியக்குள்ள லைட் மங்கிப் போகுது. சனம் டோர்ச்ச அடிச்சித்தான் படுக்குதுகள். எல்.ஈ.டி. போட்டாச் சரியெண்டு சொல்லுறாங்க. பல்பும் வாங்கி வந்திட்டன், போட்டு மட்டும் தாங்க" என்றார்.

கேட்கச் சின்ன வேலைதான். நானா அதை என்னிடம் தந்தார்.

பழைய பல்பு ஒவ்வொன்றும் ஒரு குட்டி அடுப்பு. மூடியைக் கழற்றும்போதே கை சுட்டது. பிளாஸ்ரிக் மூடிகள் வெந்து பழுப்பேறி, இரண்டு வளைந்தும் போயிருந்தன. பற்றரியில் இருந்து இழுப்பதில் பெரும் பகுதியை இந்தப் பல்புகள் சூடாக்கியே தீர்த்துவிடும். எல்.ஈ.டி. அதில் ஒரு சின்னப் பங்கை எடுத்துக்கொண்டு அதே வெளிச்சம் தரும். ஆனால் கண்ட பல்பையும் போடமுடியாது. கரவனை ஜீப் இழுத்துப் போகும்போது எஞ்சின் அந்தப் பற்றரியையும் சார்ஜ் பண்ணும். அப்போது வோல்ற் ஏறும். மலிவான எல்.ஈ.டி. அதைத் தாங்காமல் கொஞ்ச நாளில் மினுங்கத் தொடங்கிப் பிறகு செத்துவிடும். யோகராசா அண்ணன் வாங்கி வந்த பைக்கற்றை நானா வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வோல்ற் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும் என்று எழுதியிருந்த வேறு பல்பு எடுப்பித்தோம்.

பழைய பல்புக்கு வயர் எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல, எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்.ஈ.டி.க்குப் பிளஸ் பிளஸ்ஸில்தான் வரவேண்டும். ஆறு லைட்டில் இரண்டு எரியவில்லை. பல்பு பழுது என்று அண்ணன் சொன்னார். வயர் மாறியிருந்தது. மாற்றிக் கொடுத்ததும் எரிந்தன. நிறம் எது என்று அடுத்த பிரச்சினை. "பளிச்செண்டு வெள்ளையாப் போடுங்க" என்றார். கதவைச் சாத்தி, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் மஞ்சளும் போட்டு அவரை உள்ளே இருத்தினேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தார். "இது ஆஸ்பத்திரி மாதிரி இரிக்கி. மஞ்சளே போடுங்க" என்றார்.

பியூஸையும் சின்னதாக மாற்றினேன். கடைசியாக எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பற்றரி வயரைக் கழற்றி நடுவில் மீற்றரை வைத்தேன். எதுவும் எரியாதபோது மின்சாரம் ஓடக்கூடாது. ஓடவில்லை. நானா வந்து மீற்றரைப் பார்த்தார். "ம்." நல்ல வெயில் காலம் அது. கரவன் சந்தோசமாகக் கதிரவெளிக்குப் போனது.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் காலையில் ஜீப்பும் கரவனும் கராஜ் வாசலில் வந்து நின்றன. யோகராசா அண்ணன் இறங்கி வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"தங்கச்சி, நீங்க போட்ட பல்பு அணையுதில்ல."

"அணையுதில்லையெண்டா?"

"சுவிச்ச அமத்தினாப் பெரிய வெளிச்சம் போகுது. ஆனா உள்ளுக்க மின்மினி மாதிரி எரிஞ்சிட்டே கிடக்கு. பற்றரியும் பழையபடி இறங்குது. முந்தி இரிந்த பல்பு இப்பிடிச் செய்யல்ல."

உள்ளே ஏறி சுவிச்சைப் போட்டு அணைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மீற்றர் வைத்தேன். ஒன்றும் ஓடவில்லை. கதிரவெளியில் இருந்து வரும் வழியில் வெயில் எறித்திருந்தது. கூரை காய்ந்து கிடந்தது.

"இஞ்ச வந்தா நல்ல பிள்ளையாகிடும்" என்று அவர் கரவனின் கதவில் தட்டினார். பிறகு, ஊரில் ஒருவர் சொன்னதாக ஒரு விசயம் சொன்னார். எல்.ஈ.டி.யில் இப்படி வருவது வழக்கமாம், லைட்டோடு சின்ன ரெசிஸ்ரர் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்த மினுக்கம் போய்விடுமாம். "அதப் போட்டுத் தாங்க, நான் போகணும். நாளைக்கு மகள் பிள்ளையோட வாறா. வீட்டுக் கூரையப் பிரிச்சிப் போட்டிரிக்கன், ஓட்டு வேலை நடக்குது. அவங்க இதுக்குள்ளதான் படுக்கணும்."

ஊரில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ரெசிஸ்ரர் போட்டால் மினுக்கம் போகும். கசிந்து வரும் கொஞ்ச மின்சாரத்தை அது தின்றுவிடும். பழைய பல்புக்கு அந்தக் கசிவு போதாது, அதனால் அது காட்டவில்லை. எல்.ஈ.டி.க்கு அதுவே போதும். ஆனால் ரெசிஸ்ரர் போட்டாலும் கசிவு கசிந்துகொண்டுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் அதைச் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை. கராஜுக்குள் எட்டிப் பார்த்து, "நானா எங்க? ஆம்பிளை ஆள் ஒராளோட கதைக்கணும்" என்றார்.

மஜீத் நானா லொறி ஒன்றின் அடியில் படுத்திருந்தார். வெளியே வந்தார், கை கழுவினார், துடைத்தார். அவர் ஏதாவது சொல்லுவார் என்று அண்ணனும் நானும் நின்றோம்.

"தங்கச்சி என்ன செல்லுறா?" என்று நானா அண்ணனைக் கேட்டார்.

"எங்கயோ கசியுதாம். திறந்து பாக்கணுமாம்."

"நானும் அதத்தான் செல்லுவன்."

"நீங்க இன்னும் உள்ளுக்கயே போகல்லையே நானா!"

"நான் போகல்ல. அவ போன. நீங்க வாங்கில இரிங்க, தேத்தண்ணி வரும்."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு வாங்கில் இருந்த அண்ணனிடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: எப்ப வருது, எப்ப வருகுதில்ல? அண்ணன் யோசித்து, மழை பெய்த நாளில் வருகிறது, பனி விழுந்த விடியலில் வருகிறது, வெயில் ஏறினால் இல்லை என்றார். நானா எழும்பிப் போய் வாகனம் கழுவும் குழாயை இழுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தார்.

பகல் வெளிச்சத்தில் அந்த மினுக்கம் தெரியாது. ஜன்னல்களைச் சாக்கால் மூடினோம். கதவு நீக்கல்களுக்குத் துணி அடைத்தோம். கராஜ் வேலையாள் ஒருவரைக் கூரையின் மேல் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு, நானும் நானாவும் யோகராசா அண்ணனும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். இருட்டு. கூரையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மழையை விடப் பெரிதாகக் கேட்டது. வெக்கையில் உடம்பெல்லாம் வேர்த்தது. நேரம் போனது. அண்ணன் செருமினார். நான் பிழையாக விளங்கிவிட்டேனோ என்று எனக்கும் தோன்றத் தொடங்கியது.

"அந்தா" என்றார் நானா.

அடுப்புக்கு மேலே இருந்த லைட்டில் மஞ்சளாக ஒரு பொட்டு. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான். பிறகு அடுத்த லைட்டிலும் வந்தது. ஆறும் வந்தன. சுவிச் அணைந்தே இருந்தது. நான் கையைத் தூக்கிக் கூரைப் பலகையைத் தடவிக்கொண்டே போனேன். அடுப்பைத் தாண்டி ஓரிடத்தில் பலகை இளஞ்சூடாக இருந்தது.

"இதில என்ன இரிக்கி அண்ணன்?"

"அதில ஒண்டுமில்ல. கொழுக்கி. பேத்திக்கு ஏணை கட்ட நான் பூட்டினது."

அவருடைய மகள் பிள்ளை பெற்று வந்து நின்ற காலத்தில், துணியால் ஏணை, அதாவது தொட்டில், கட்டுவதற்காக அந்த இரும்புக் கொழுக்கியை நீளமான திருகாணியாக வாங்கிக் கூரையில் முறுக்கி ஏற்றியிருந்தார். பிள்ளை காற்றுக்கு நன்றாக நித்திரைகொள்ளும் என்று மத்தியானங்களில் கரவனுக்குள்தான் ஆட்டுவார்களாம்.

சாக்கை எடுத்தோம், பற்றரியைக் கழற்றினோம். கூரையின் ஓரச் சட்டத்தைக் கழற்றி, பலகையை மெல்ல இறக்கினேன். கொழுக்கியின் திருகாணி பலகையைத் துளைத்து, பற்றரியில் இருந்து சுவிச்சுக்கு வரும் வயருக்கும் சுவிச்சில் இருந்து லைட்டுக்குப் போகும் வயருக்கும் நடுவால் ஏறி, மேலே கூரைத் தகட்டின் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. பூட்டிய அன்றைக்கு அது வயரை வெட்டியிருக்காது. உரசிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஏணை ஆட ஆட, கொழுக்கியும் ஆடி, இரண்டு வயரின் மேல்தோலையும் தேய்த்துத் தேய்த்துச் செம்பு வரை போயிருந்தது. கடற்காற்றின் உப்பு அதில் ஏறிப் பச்சையாகப் பூத்திருந்தது. ஈரம் பட்டால் அந்த உப்பு வழியாக மின்சாரம் பக்கத்து வயருக்கும் ஓடும், சட்டத்துக்கும் ஓடும். பற்றரி இறங்கியது அதனால்தான். பியூஸ் போகாததும் அதனால்தான், ஓடியது பியூஸை உருக்கும் அளவு இல்லை. ஆனால் பலகையை உள்ளங்கை அகலத்துக்குக் கரியாக்க அது போதுமாக இருந்தது. அந்தக் கரியில் இருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்புக்குப் போகும் காஸ் குழாய் சுவரால் இறங்கியது.

பலகையை வெளியே கொண்டுவந்து வாங்கில் வைத்தேன். யோகராசா அண்ணன் அந்தக் கரியை விரலால் தொட்டார். விரல் கறுத்தது. அதைச் சாறனில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குக் கீழதான் பிள்ளை கிடந்த" என்றார்.

அவர் போனை எடுத்தார். "மகள், நாளைக்கு வெளிக்கிடாதங்க. ஒண்டுமில்ல மகள், வேலை கொஞ்சம் மிச்சம் கிடக்கு. நான் சொல்லக்குள்ள வாங்க." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போனை வைத்தபிறகு கராஜுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

கரவன் எங்களிடம் நின்றது. கூரை வயர் முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தேன். வெறும் வயராக விடாமல் குழாய்க்குள் போட்டு, திருகாணி எட்டாத ஓரத்தால் கொண்டுபோனேன். வயர் போகும் இடத்தில் பலகையின் வெளிப்பக்கம் ஒரு கோடு கீறி, 'இங்கே துளைக்கவேண்டாம்' என்று பெயின்ற்றால் எழுதினேன். அழகில்லை என்று நானா சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் வாசித்துவிட்டு, சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதச் சொன்னார். வாடகைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியாதே. காஸ் குழாயையும் அந்த வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டு மாற்றுவித்தோம். பிறகு எல்லாவற்றையும் மூடி, திரும்பவும் சாக்குக் கட்டி, திரும்பவும் தண்ணீர் அடித்து, மூன்று பேரும் உள்ளே இருந்தோம். நானா எழும்பும்வரை இருந்தோம். அவர் இலகுவில் எழும்பவில்லை.

கரவனை எடுக்க வந்தபோது யோகராசா அண்ணன் மகளையும் கூட்டிவந்தார். தர்சினி என்று பெயர். இடுப்பில் பிள்ளை. அவள் உள்ளே ஏறிச் சுற்றிப் பார்த்தாள். கொழுக்கி இருந்த துளையை நாங்கள் மரக்கட்டை வைத்து அடைத்திருந்தோம்.

"ஏணை எங்க கட்டுறது?" என்று கேட்டாள்.

"இனி இதுக்குள்ள கட்டுறல்ல" என்றார் தகப்பன்.

நானா கராஜுக்குள்ளே போனார். இரும்புக் குழாயில் நாலு காலும் குறுக்குச் சட்டமும் வைத்து ஒட்டிய ஒரு ஏணைத் தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போது செய்தார் என்று எனக்கே தெரியாது. மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைக்கலாம். தர்சினி பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, அதில் தன் கையை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டுப் பார்த்தாள். ஆடவில்லை. அண்ணன் நானாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நானா, "மழைக்கு முந்திப் போய்ச் சேருங்க" என்று ஜீப்பைக் காட்டினார்.

அந்தப் பிள்ளை பயிற்சி நிலைய வாசலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இனிமேல் அவளுக்குப் பழைய பல்பு கழற்றும் வேலை அதிகம் வராமல் போகலாம். ஆனால் ஒரு லைட் அணையவில்லை என்று யாராவது அவளிடம் கோபமாக வருவார்கள். அன்றைக்கு அவள் அந்த லைட்டை அணைக்கும் வழியைத் தேடாமல், அது ஏன் எரிகிறது என்று பார்க்கவேண்டும். இதை மேடையில் சொல்லியிருக்கலாம்.

கரவன் கராஜை விட்டுப் போன அந்த வாரமே, கதிரவெளி இருக்கும் வாகரைப் பக்கம் நல்ல மழை. ஒரு பின்னேரம், நான் கிரானில் பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது போன் அடித்தது. யோகராசா அண்ணன். பின்னால் கூரையில் மழை விழும் சத்தம்.

"தங்கச்சி, நான் கரவனுக்குள்ள நிக்கன். ஜன்னலெல்லாம் சாத்தி, லைட்டெல்லாம் அணைச்சிட்டன்."

"எரியுதா அண்ணன்?"

"எவடத்திலயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. என்ட கையே எனக்குத் தெரியல்ல" என்றார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிள்ளை ஏணையில நித்திர. மெல்லக் கதைங்க."